லைன்மேன் வீட்டு ஹேண்டோவர்

முப்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் கிழவனாகிவிடலாம் என்பது ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. லைனில் எனக்குப் பக்கத்தில் நின்ற பையன்களுக்கெல்லாம் இருபது, இருபத்தொன்று. டீ பிரேக்கில் அவர்கள் என்னைப் 'பெருசு' என்று கூப்பிட ஆரம்பித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கார் சீட்டுக்கு போல்ட் முறுக்குகிற வேலை. வருடக்கணக்காக முறுக்கினேன். ஒருநாள் ஒப்பந்தம் முடிந்தது என்றார்கள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு 'பெஸ்ட் ஆஃப் லக்' சொன்னார்கள். நானும் தேங்க் யூ சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது?

ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம். ராமநாதபுரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கருவேலங்காடும் நிறையச் சொந்தக்காரர்களும் உண்டு. இரண்டுமே குத்தும் என்பதால் போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஷேர் ஆட்டோவின் முதுகில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தேன். 'முதியோர் பராமரிப்பாளர் அடிப்படைப் பயிற்சி. மதிய உணவு உண்டு.' சேவை மனப்பான்மை, அன்பு, கருணை என்றெல்லாம் பிற்பாடு நேர்காணல்களில் சொல்லக் கற்றுக்கொண்டேன். உண்மையில் நான் இரண்டாவது வரியைத்தான் முதலில் படித்தேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"ஏப்பு, அப்ப கக்கூசு கழுவி விடணுமா?"

"அதுவும் உண்டும்மா."

"நீ சாப்பிட்ட தட்டையே கழுவ மாட்டியேடா," என்றாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

படப்பையில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது வகுப்பு. பாடம் நடக்கும்போதெல்லாம் கீழேயிருந்து பன் வேகிற வாசனை வந்து புத்தியைக் கெடுக்கும். முதல் நாள் படியேறிப் போய் எட்டிப் பார்த்தால் உள்ளே முழுக்கப் பெண்கள். பிள்ளைப்பாக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அக்கா, வாசலில் நின்ற என்னைப் பார்த்து அக்கறையோடு கையைக் காட்டினார்.

"இன்னாப்பா, டிரைவிங் ஸ்கூல் எதுத்த பில்டிங்கு."

"இல்லக்கா, நான் இதுக்குத்தான் வந்தேன்."

அக்கா திரும்பி எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "ஏய், நமக்கு ஆம்பள ஆயா கெடச்சிட்டாரு," என்றார். கோர்ஸ் முடிகிற வரைக்கும் எனக்கு அதுதான் பெயர்.

சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுவோம். தடிமனான கண்ணாடி, அதைவிடத் தடிமனான குரல். பாடம் நடத்த அவருக்கு ஒரு கட்டில், ஒரு வீல்சேர், ஆளுயர பிளாஸ்டிக் பொம்மை ஒன்று. பொம்மைக்கு இடது கை அடிக்கடி கழன்றுகொள்ளும். அதற்குப் பெண்கள் வைத்த பெயர் 'மாப்பிள்ளை'. படுத்த இடத்திலேயே குளிப்பாட்டி, துடைத்து, உடுத்திவிட்டு, வாயில் ஊட்டியும் விடுகிறோம், ஒரு வார்த்தை நன்றி சொல்கிறதா பார், மாப்பிள்ளையேதான் என்றார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். நான் வேலை பார்த்த கம்பெனியில் மஞ்சள் கோட்டைத் தாண்டுவதற்கு முன் எல்லாரும் நிற்க வேண்டும். வலது கையை நீட்டி வலப்பக்கம் விரல் காட்டி 'ரைட் ஓகே', இடப்பக்கம் காட்டி 'லெஃப்ட் ஓகே', நேரே காட்டி 'ஸ்ட்ரெய்ட் ஓகே' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் காலெடுத்து வைக்கலாம். மேனேஜரானாலும் சரி, துடைப்பம் பிடிக்கிறவரானாலும் சரி. லைனிலும் அப்படித்தான். போல்ட்டை முறுக்கினால் விரல் காட்டி ஓகே, கிளிப்பை மாட்டினால் விரல் காட்டி ஓகே. கண் ஏமாற்றும், விரலும் வாயும் சேர்ந்தால் ஏமாற்றாது என்பது அவர்கள் கணக்கு. அது உடம்பில் ஊறிவிட்டது. ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டு ரோட்டில் நின்று இரண்டு பக்கமும் விரல் காட்டியிருக்கிறேன். எதிர்ப்பக்கம் நின்ற ஒரு பெரியவர் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார்.

மாப்பிள்ளையைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றுகிற பாடம். என் முறை வந்தது. பக்கவாதம் வந்தவர் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார் சிஸ்டர். நல்ல கை இருக்கிற பக்கம் சேரைப் போட வேண்டும், பிரேக் பூட்ட வேண்டும், கால் வைக்கிற தட்டைத் தூக்கிவிட வேண்டும். நான் விறைப்பாக நின்றேன். கை தானாக நீண்டது.

"பிரேக் ஓகே! ஃபுட்ரெஸ்ட் ஓகே! குட் சைடு ஓகே! ரிஜெக்ட் சைடு ஓகே!"

கீழே பேக்கரியில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவு அமைதி.

"என்ன சைடு?" என்றார் சிஸ்டர்.

"ரிஜெக்ட்... அதாவது, வராத கை இருக்கிற பக்கம், சிஸ்டர்."

"எனக்கு முட்டி ரெண்டும் தேய்ஞ்சு போச்சு. அப்ப நான் ரிஜெக்ட்டா? ஸ்கிராப்ல போட்டுருவீங்களா?"

இல்லை சிஸ்டர், இல்லை சிஸ்டர் என்று நான் உளறினேன். பலம் குறைந்த பக்கம் என்று சொல்லிப் பழக வேண்டும் என்றார். பழகினேன். ஆனால் அன்று மதியம் சாப்பாட்டு வரிசையில் பிள்ளைப்பாக்கத்து அக்கா விரலை நீட்டி, "சாம்பார் ஓகே! கூட்டு ஓகே! அப்பளம் ரிஜெக்ட்டு!" என்று கத்த, மொத்த வரிசையும் என் பக்கம் திரும்பிச் சிரித்தது. என்ன செய்வது, அப்பளம் உண்மையிலேயே நமுத்துத்தான் போயிருந்தது.

இன்னொரு நாள் படுக்கையில் வைத்தே உடம்பு துடைத்துவிடுகிற பாடம். மற்றவர்கள் முகம் துடைக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் பாதம் வரை முடித்து, துண்டை நான்காக மடித்து வைத்துவிட்டு, மெடல் கிடைக்கும் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"மாப்பிள்ளைக்கு எந்த பஸ்ஸ பிடிக்கணும்?" என்று கேட்டார் சிஸ்டர். "தொடறதுக்கு முன்னாடி சொன்னியா? தண்ணி சூடு போதுமான்னு கேட்டியா? மூடி வைக்க வேண்டியத மூடினியா?"

பொம்மையிடம் கேட்பதா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் அவருக்குக் கேட்டிருக்கும் என்றுதான் தோன்றியது, அப்படி ஒரு பார்வை பார்த்தார்.

பயிற்சியின் கடைசிப் பகுதி, ஒரு வீட்டுக்குப் போய் உண்மையான ஆளைப் பார்த்துக்கொள்வது. பெண்களுக்கெல்லாம் வீடு கிடைத்துவிட்டது. எனக்கு மட்டும் இல்லை. போன் பேசுகிற எல்லா வீட்டிலும் 'லேடியா இருந்தா அனுப்புங்க' என்றார்கள். தினமும் நானும் மாப்பிள்ளையும் மட்டும் வகுப்பில் இருந்தோம். அவனுக்கு நான் சட்டை போட்டுவிடுவதும் கழற்றுவதுமாகப் பொழுது போனது. நான் ஒருவன்தான் மனமுவந்து அவனிடம் பேசியவன்.

அப்போதுதான் அந்தப் பெண் மாடியேறி வந்தார். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் கம்பெனி டேக், கண்ணுக்குக் கீழே கருவளையம். மணிமங்கலத்தில் வீடு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. அம்மா இல்லை. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. வீட்டுக்காரர் புதுக்கார்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற டிரெய்லர் டிரைவர், எப்போதாவதுதான் வருவார். அந்தப் பெண் ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறார். இருந்த லீவெல்லாம் தீர்ந்துபோயிற்று. திங்கட்கிழமை வரவில்லையென்றால் இனிமேல் வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

"ஒருத்தர் மாத்தி ஒருத்தர் மூணு லேடிய வச்சிப் பாத்துட்டேன் சிஸ்டர். எல்லாரையும் தொரத்திட்டாரு. பொம்பள வந்து எனக்குக் கழுவி வுடறதான்னு ஒரே ரகள. ஆம்பள யாராவது கெடைப்பாங்களா?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மாப்பிள்ளையின் கையை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"இருக்கான்," என்றார். "கொஞ்சம் கத்துவான். மத்தபடி நல்ல பையன்."

அப்பா அந்த வாரத்துக்குள் என்னை ஏற்றுக்கொண்டால் அந்தப் பெண்ணுக்கு வேலை உண்டு. இல்லாவிட்டால் இல்லை. விஷயம் அவ்வளவுதான். மணிமங்கலத்துக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினேன். என் வேலை போனபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் இருந்ததில்லை.

பெரியவர் மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு மெலிந்திருந்தாலும் தோள் இன்னும் கம்பம் ஏறியவன் தோள்தான். நான் வணக்கம் ஐயா என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி எங்க இருந்த?"

"கம்பெனியில ஐயா. லைன்ல."

"நான் லைன்மேனு. இருவது அடி மேல ஏறி லைன் பாத்தவன். நீ ஃபேனுக்குக் கீழ நின்னுகினு லைன் பாத்தவன். ரெண்டும் ஒண்ணா?"

"இல்லங்க ஐயா."

"தெரிஞ்சா செரி."

பேச்சு நல்லபடியாகவே தொடங்கியிருக்கிறது என்று நினைத்தேன். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றார். வீல்சேரை அவருடைய வலப்பக்கமாகக் கொண்டுவந்து போட்டேன். விரல் காட்டக் கூடாது, கத்தக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவன்தான். ஆனால் எதிரில் இருப்பது பொம்மை இல்லை, மூச்சு விடுகிற மனிதர் என்றதும் பயத்தில் எல்லாம் மறந்துபோனது.

"பிரேக் ஓகே! ஃபுட்ரெஸ்ட் ஓகே! தரை ஓகே! ரைட் சைடு ஓகே!"

பெரியவர் வாயைத் திறந்தபடி பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினார். "ம்மா, இங்க வந்து பாரு! நான் இன்னா வண்டியா? எஃப்சி பண்ண வந்துகிறானா இவன்?"

மகள் ஓடி வந்தார். நான் கையை இன்னும் நீட்டிக்கொண்டே நின்றேன். அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. அவர் கம்பெனியிலும் இதே விரல்தான், இதே ஓகேதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்பா, அது சேஃப்டிக்குப்பா," என்றார்.

"சேஃப்டி எனக்குத் தெரியாதா? நாங்க மட்டும் கத்த மாட்டோமா? கீழ நிக்கிறவன் 'ஆஃப்'னு கத்துவான். மேல இருக்கிறவன் திருப்பிக் கத்தணும். அப்பதான் கைய வைப்போம். இவன் இன்னாடான்னா இவனே கேட்டு இவனே ஓகே சொல்லிகினு கீறான். போறவன் நானு. ஓகே நான்ல சொல்லணும்?"

எனக்குச் சுருக்கென்றது. தொடுவதற்கு முன்னால் கேள் என்று சிஸ்டர் சொன்னதும் இதைத்தானே? அவர் கேலியாகச் சொன்னார், எனக்கு ஏறவில்லை. இவர் திட்டியதும் ஏறிவிட்டது.

"சரிங்க ஐயா. பிரேக்?"

"ஓகே."

"தரை?"

"ஈரமா கீது. தொடச்சிட்டு வா."

துடைத்துவிட்டு வந்தேன். அங்கே ஈரமே இல்லை, என்னை அலைய விடத்தான் அப்படிச் சொன்னார் என்று பிற்பாடுதான் உறைத்தது. அப்படித்தான் அந்த வாரம் ஓடியது. ஒவ்வொன்றுக்கும் நான் கேட்பேன், அவர் நிதானமாக யோசித்து, கோர்ட்டில் தீர்ப்புச் சொல்வதுபோல் ஓகே சொல்வார். குளிக்க மட்டும் சம்மதிக்கவில்லை. "குளிக்கலாமா ஐயா?" என்றால் "ஓகே இல்ல" என்பார். நான் துண்டால் துடைத்துவிடுவதோடு சரி. சட்டை போடும்போது பலம் குறைந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். அது எனக்கு மாப்பிள்ளை புண்ணியத்தில் தூக்கத்திலும் வரும். அதைப் பார்த்து மட்டும் ஒருநாள், "பரவால்ல, சட்ட போடத் தெரிஞ்சிகினு கீற," என்றார். எனக்கு அது ஆஸ்கார் மாதிரி.

மகள் இடையிடையே கடைக்கு, பேங்குக்கு என்று வெளியே போய்ப் பார்த்தார். ஒத்திகை மாதிரி. முதல் தடவை திரும்பி வந்து, "எப்டி இருந்தாரு?" என்று கேட்டார். குடும்பத்தாரிடம் முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், இதமாகப் பேச வேண்டும் என்பது பாடம். ஆனால் எனக்கு ஷிப்ட் மாறுகிற நேரம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அடுத்த ஷிப்ட் ஆள் மெஷினிடம் வந்ததும் நேருக்கு நேர் நின்று ஹேண்டோவர் கொடுப்போம். வணக்கம்கூடக் கிடையாது. எது சரியில்லையோ அது முதலில். மீதி அப்புறம்.

"மதியம் சாப்பாட்டுல பாதி வச்சுட்டாரு. தண்ணி குடிக்கும்போது ஒருதடவ பொரையேறுச்சு. வலது குதிகால்ல லேசா செவந்திருக்கு, தலகாணி வச்சுத் தூக்கிவிட்டிருக்கேன். மாத்திர போட்டாச்சு. மத்தது நார்மல்."

அந்தப் பெண்ணும் தன்னை அறியாமல் நேராக நின்றுவிட்டார். "ரெண்டாவது தடவ பொரையேறலையே?"

"இல்ல. நிமித்தி உக்கார வச்சுக் குடுத்தேன்."

"ஓகே. எடுத்துக்கிட்டேன்."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அடப்பாவிங்களா. என்ன மிஷினாவே முடிவு பண்ணிட்டீங்களா? ஆயில் வுட்டாச்சான்னு கேளும்மா, அத ஏன் வுட்ட?"

சனிக்கிழமை மகள் கம்பெனிக்குப் போனார். திங்களிலிருந்து வருகிறேன் என்று சூப்பர்வைசரை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும், அப்படியே அன்று ஆள் குறைவு என்பதால் ஒரு ஷிப்ட் நின்றுவிட்டு வருகிறேன் என்றார். அவர்கள் லைனுக்குள் போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். போகும்போது வாசலில் நின்று என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியவர், "போம்மா போ, வூடு இங்கயேதான் இருக்கும்," என்றார்.

காலை நன்றாகத்தான் போனது. பதினொரு மணி வாக்கில் நான் அடுப்படியில் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். தொம்மென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் சத்தமே இல்லை.

ஓடிப் போனால், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். வலது கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். தலைக்கு மேலே ஃபேன் சுவிட்ச் பாதி கழன்று தொங்குகிறது. அந்த சுவிட்ச் ஒரு வாரமாகக் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரைத் தலையணைக்கடியில் எத்தனை நாளாக ஒளித்து வைத்திருந்தாரோ, நான் தினமும் விரிப்பு மாற்றுகிறேன், என் கண்ணில் படவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால், விரிப்பு மாற்றும்போது தலையணையை மட்டும் எப்போதும் அவரே நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்வார். பாசம் என்று நினைத்திருந்தேன்.

உடனே தூக்கிவிடக் கூடாது என்பது பாடம். அவர் எதிரில் மண்டி போட்டேன்.

"தலை அடிபட்டுச்சா ஐயா?"

"இல்ல. மெதுவா சரிஞ்சி உக்காந்துட்டேன்."

"கழுத்து?"

"ஓகே."

"இடுப்பு?"

"ஓகே."

"கால அசைங்க. முழங்கை?"

"செராய்ப்பு."

எல்லாவற்றையும் கேட்டு, தொட்டுப் பார்த்து, ஒரு நாற்காலியை முன்னால் போட்டு அதில் அவரைக் கை ஊன்றச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பிக் கட்டிலில் உட்காரவைத்தேன். சிஸ்டருக்குப் போன் போட்டேன். வாந்தி வருகிறதா, மயக்கமாக இருக்கிறதா, வலி கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு, ஒன்று வந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடு என்றார். "பொண்ணு வந்ததும் சொல்லிடு," என்று போகிற போக்கில், இரண்டு டீ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஸ்பீக்கரில் அது பெரியவருக்கும் கேட்டுவிட்டது.

"சொல்லாதப்பா," என்றார்.

அதுவரை என்னை 'டேய்', 'இவன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சொன்னா அவ வேலைய வுட்டுடுவா. எனக்குத் தெரியும். அவ அம்மா போனதுலருந்து எனக்காகவே எல்லாத்தயும் வுட்டுகினு வரா. வேல ஒண்ணுதான் அவளுக்குன்னு கீது. அதயும் நான் புடுங்கிக்கணுமா?" கொஞ்சம் நிறுத்தினார். "நான் தெனம் குளிக்கிறேன்பா. நீ சொல்ற மாதிரி. ரகள பண்ண மாட்டேன்."

ஒரு மனிதர், கம்பத்தின் உச்சியில் நின்றவர், குளிப்பதாகச் சொல்லி என்னிடம் பேரம் பேசுகிறார். எனக்குப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் முகம் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை, அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அன்று மதியம் அவர் குளித்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, வெந்நீர் சூட்டைக் கேட்டுக் கேட்டு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் குளித்தார். முதுகு தேய்த்துவிடும்போது எனக்குக் கோபமாக வந்தது. அவர் மேல் இல்லை. இப்படி ஒரு சம்மதத்தை யார் கேட்டார்கள்? கன்னம் சிராய்த்திருந்தால் மறைக்க வழியில்லை. முழங்கைதான், முழுக்கைச் சட்டை போட்டால் தெரியாது. சட்டையை நான்தான் போட்டுவிடுகிறேன். முழுக்கைச் சட்டை ஒன்று கொடியிலேயே காய்ந்துகொண்டும் இருந்தது. சொன்னால் அந்தப் பெண்ணின் வேலை போகும், எனக்குக் கிடைத்த ஒரே வீடும் போகும். சொல்லாவிட்டால் எல்லாரும் சந்தோஷமாக இருப்போம், அடுத்த தடவை அவர் விழுகிற வரைக்கும். நான் அரைக்கைச் சட்டையை எடுத்தேன். பெரியவர் அதைப் பார்த்தார்.

சாயங்காலம் மகள் வந்தார். நடையிலேயே தெரிந்தது. சூப்பர்வைசர் ஒத்துக்கொண்டுவிட்டாராம், திங்கட்கிழமை ஏ ஷிப்ட். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, விளையாட்டாக நேரே நின்று, "ம், குடுங்க ஹேண்டோவர்," என்றார்.

பழக்கத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

"காலையில ஐயா விழுந்துட்டாங்க. நான் அடுப்படியில இருந்தேன். ஃபேன் சுவிட்ச சரி பண்ண எந்திரிச்சிருக்காங்க. தலையில அடி இல்ல. வாந்தி, மயக்கம் இல்ல. வலது முழங்கையில சிராய்ப்பு, மருந்து போட்டிருக்கேன். சிஸ்டர்கிட்ட சொல்லியாச்சு." கொஞ்சம் நிறுத்தி, "குளிச்சாங்க," என்று சேர்த்தேன். "மத்தது நார்மல்."

"துரோகி," என்றது கட்டில். "நாளைலேந்து நான் குளிக்க மாட்டேன்."

அந்தப் பெண் அப்பாவிடம் போனார். முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு கட்டிலுக்குக் கீழே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பை தோளிலேயே தொங்கியது. நான் என் டிபன் பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன், கிளம்பத்தான் வேண்டியிருக்கும் என்று.

"வேலைய வுடாதம்மா," என்றார் பெரியவர். குரல் இறங்கிப் போயிருந்தது.

"நான் ஏன் வுடறேன்?" என்றார் மகள்.

நான் நிமிர்ந்தேன்.

"வந்த மூணு லேடியும், பக்கத்து வூட்டு அத்தையும், தெனம் நான் வந்து கேட்டா ஒரே பதில்தான். நல்லா இருந்தாரு, நல்லா இருந்தாரு, நல்லா இருந்தாரு. ராத்திரி தொடச்சி வுடும்போது பாத்தா இடுப்புல ரத்தம் கட்டி கீது. எப்ப விழுந்தாரு, எப்டி விழுந்தாரு, ஒருத்தரும் சொல்லல. நீயும் சொல்லலப்பா. லைன்ல நின்னுகினு கை வேல செய்யும், மனசு பூரா இங்கதான். இப்ப விழுந்துகினு கீறாரோ, அத மறச்சிகினு கீறாங்களோன்னு." அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ விழுவன்னு நான் பயப்படலப்பா. விழுந்தா எனக்கு எவனும் சொல்ல மாட்டான்னுதான் பயந்தேன்."

சுவிட்ச் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "திங்கக்கெழம ஏ ஷிப்ட். விடியறதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ் வந்துடும். அதுக்கு முன்னாடி வந்துடுவீங்களா?"

வந்துடறேன் என்றேன். அதாவது சொல்ல நினைத்தேன், வாய் மட்டும்தான் அசைந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆயிரம் சீட்டுகளை என் கையில் கொடுத்திருக்கிறார்கள். நம்பி ஒருத்தர் தன் அப்பாவைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்துவிட்டது, கையில் டிபன் பாக்ஸோடு அசட்டுத்தனமாக நின்றேன்.

பெரியவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகளிடம், "நல்லா ஆளு புடிச்ச போ," என்றார். "என்ன இவன் பாத்துக்குவான். இவன யாரு பாத்துக்கறது?"